ஜெலியாஸ்கோ பூசிய கறுப்பு

இந்தக் கோடை முடிவதற்குள் தன் வண்டியைப் பார்த்து யாம்பொல் நகரமே மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று ஜெலியாஸ்கோ முடிவு செய்தார். முடிவை அறிவித்த இடம் சமையலறை. கேட்ட கூட்டம் ஒரே ஒருத்தி, மனைவி டோன்கா. அவளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

"டோன்கா, வண்டிக்கு பெயிண்ட் அடிக்கப் போறேன்."

"முழு வண்டிக்குமா?"

"தகரம் நல்லாத்தான் இருக்கு. பிளாஸ்டிக்குக்கு மட்டும். முன் பம்பர், பின் பம்பர், கதவோரப் பட்டை, சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவு. எல்லாம் வெயில்ல சாம்பலா வெளுத்துப் போச்சு."

"நீங்களும்தான் வெளுத்துப் போயிட்டீங்க. மிச்சம் இருந்தா தலையிலயும் ஒரு பூச்சு பூசிக்குங்க."

"கிண்டல் பண்ணாத. இப்படி நரைச்ச வண்டியில பர்காஸ் போனா கிரெமேனாவுக்குத்தான் அவமானம்."

கிரெமேனா அவர்களுடைய ஒரே மகள். பர்காஸில் கடலோரமாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். காரில் போனால் காலையில் கிளம்பி காப்பி ஆறுவதற்குள் சேர்ந்துவிடலாம். ஆனால் ஜெலியாஸ்கோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வசந்தத்தில் கேட்டால் மழை என்றார். கோடையில் கேட்டால் டயர் உருகும் என்றார். இலையுதிர்காலத்தில் சாலையில் வேலை நடக்கிறது என்றார். குளிர்காலத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பனியே அவருக்காகப் பேசியது.

டோன்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "பெயிண்ட் அடிச்சதும் போகலாமா?"

"அடிச்சதும் உடனே எப்படி? காயணும். இறுகணும்."

"போகாத வண்டி எதுக்குங்க? வித்துடுவோம். நான் ரயில்ல போயிக்கிறேன்."

"வித்துடுவோமா!" ஜெலியாஸ்கோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வைத்த கை அப்படியே கீழே இறங்கி, மேசையில் இருந்த தக்காளியை எடுத்துக் கடித்தது.

உண்மையான காரணம் மழையும் இல்லை, டயரும் இல்லை. கடைசியாகப் பர்காஸிலிருந்து திரும்பி வந்தபோது சாலை நடுவே இருந்த வெள்ளைக் கோடு முதலில் இரண்டாகப் பிரிந்தது. பிறகு கலங்கியது. பிறகு காணாமலே போயிற்று. எதிரே வந்த லாரி முதலில் பேருந்தாகத் தெரிந்தது, அப்புறம் கட்டடமாகத் தெரிந்தது. கட்டடம் ஹாரன் அடித்தபோதுதான் அவருக்கு உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் டோன்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எப்படி விடுவார்? ஜெலியாஸ்கோ வேலை பார்த்தது நூல் ஆலையில். அங்கே சாயம் சரிபார்க்கும் மேற்பார்வையாளர். ஒரு கண்டு நூலைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இதுல பச்சை ஒரு துளி கூடிப்போச்சு" என்பார். சாயத்தொட்டிக்காரர்கள் நடுங்குவார்கள். மற்றவர்களுக்கு மீசை எப்படியோ அவருக்குக் கண் அப்படி. கண்ணுக்கு இழுக்கு வந்தது என்றால் பிறகு அவரிடம் மிஞ்சுவது மூக்கும் முழங்கால் வலியும்தான்.

அதனால்தான் இந்தப் பெயிண்ட் திட்டம். கழுவ நாளாகும், தேய்க்க நாளாகும், பூச நாளாகும், காய நாளாகும். கோடை முழுக்க வண்டி சிகிச்சையில் இருக்கும். சிகிச்சையில் இருக்கிற வண்டியை நெடுஞ்சாலைக்கு இழுக்க எந்த மனைவிக்கு மனசு வரும்? இப்படிக் கணக்குப் போட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, பெயிண்ட் கடைக்குப் போனார்.

கடைக்கார அம்மாள் எழுந்து வந்தாள். "என்ன நிறம் வேணுங்க?"

"பிளாஸ்டிக்குக்கு அடிக்கிற கறுப்பு. நீ உட்காரும்மா, நானே எடுத்துக்கிறேன்."

தட்டில் வரிசையாக ஸ்பிரே டப்பாக்கள். கீழ் வரிசையில் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்து ஒரு கை நிறைய அள்ளினார்.

"ஐயா, நீங்க எடுத்தது வந்து..."

"அம்மா, நிறத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் நூல் ஆலை ஜெலியாஸ்கோ."

அவள் அந்த டப்பாக்களையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வியாபாரம் கெடுவானேன் என்று பையில் போட்டுக் கொடுத்தாள்.

வேலை ஆரம்பமானது. அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில், லிண்டன் மரத்தடியில், பாத்திரம் கழுவும் சோப்பால் பம்பரைத் தேய்த்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வழவழப்புப் போகத் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சாராயம் வேண்டும். நிலவறையிலிருந்து, வீட்டில் காய்ச்சிய ராக்கியாவைக் கொண்டுவந்தார். துணிக்குக் கொஞ்சம், தொண்டைக்குக் கொஞ்சம் என்று நியாயமாகப் பங்கு பிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கான்ச்சோவுக்கு அது பொறுக்கவில்லை. கான்ச்சோ அதே கட்டடத்துக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உடம்பு இன்னும் பேருந்து அளவில்தான் இருந்தது.

"யோவ், பம்பருக்கு ஊத்துறியே, பாவம் புண்ணியம் பாக்க மாட்டியா? நான் ஒருத்தன் இங்க காய்ஞ்சுபோய் உட்கார்ந்திருக்கேன்."

"பிசுக்கு எடுக்கிறேன்யா."

"எனக்குள்ளயும்தான் பிசுக்கு இருக்கு."

கடைசியில் கான்ச்சோவின் பிசுக்கும் போனது. பிறகு ஜெலியாஸ்கோ செய்தித்தாளையும் காகித டேப்பையும் வைத்துக் கதவுகளை மூடிக் கட்டினார். பிரைமர் அடித்தார். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. கை நடுங்கவில்லை. ஒரு சொட்டுகூட வழியவில்லை. டேப்பை உரித்து எடுத்தபோது, சீமைத் துணியில் தைத்த கோட்டுப் போட்ட மாப்பிள்ளை மாதிரி வண்டி நின்றது. டோன்காவைக் கூப்பிட்டார்.

டோன்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். வந்தவள் நின்றாள். நின்றவள் குனிந்து பம்பரைப் பார்த்தாள்.

"எப்படி?"

"இது... என்ன நிறம்ங்க?"

"கறுப்பு. வேற என்ன? உனக்குக் கண்ணு தெரியலையா?"

டோன்கா பம்பரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நேரம் பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஆமாங்க" என்றாள் மெதுவாக. "கறுப்புதான். நல்ல கறுப்பு."

கான்ச்சோ பெஞ்சிலிருந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டோன்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய்க்குள் கான்ச்சோ சூரியகாந்தி விதையைப் போட்டுக்கொண்டார். "கல்யாண ஊர்வலத்துக்குப் போற மாதிரி இருக்குய்யா" என்று மட்டும் சொன்னார். ஜெலியாஸ்கோவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன் டோன்கா. பெயிண்ட் இறுகற வரைக்கும் நெடுஞ்சாலைக் காத்து படக்கூடாது. சந்தைக்குப் போகலாம். பர்காஸ் கூடாது."

"இறுகட்டும்ங்க. என்ன அவசரம்? அப்படியே ஒரு நாள் கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன், சும்மா."

"எனக்கா? கண்ணா? எதுக்கு?"

"சும்மாதான் சொன்னேன்."

அவள் சண்டை போடவில்லை, வண்டியை விற்கும் பேச்சையும் எடுக்கவில்லை. மனைவி சண்டை போடாத அன்றைக்குத்தான் கணவன் உஷாராக இருக்க வேண்டும். ஜெலியாஸ்கோ நிம்மதியாகத் தூங்கினார்.

ஜூலையில் ஒரு காலை, சந்தைக்குக் கிளம்பலாம் என்று வண்டியிடம் வந்தவர் திடுக்கிட்டார். முன் பம்பரின் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து, அடியில் சாம்பல் பல்லைக் காட்டியது. வலது கண்தான் அவருக்கு ரொம்ப மங்கல். முந்தின நாள் சந்தையிலிருந்து திரும்பும்போது 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்டதே! கியர் என்று நினைத்தாரே! எதையோ இடித்திருக்கிறார். எதை? தூணையா, முற்றத்து கான்கிரீட் பூந்தொட்டியையா? ஆளாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி வந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

டோன்கா பார்ப்பதற்குள் மூடி மறைக்க வேண்டும். உப்புத்தாள், ராக்கியா, டப்பா. பூசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குரல் கேட்டது.

"மறுபடியுமா?"

ஜெலியாஸ்கோ துள்ளி விழுந்தார். "இது வந்து... பிளாஸ்டிக் இருக்கே, பெயிண்ட்டைக் குடிக்கும். மூலையில தாகம் ஜாஸ்தி."

"அப்படியா? பாவம், குடிக்கட்டும்" என்றாள் டோன்கா. முகம் ஏனோ வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

மூலை காய்ந்த கொஞ்ச நாளில் இடது மூலைக்குத் தாகம் எடுத்தது. பிறகு பின் பம்பருக்கு. ஜெலியாஸ்கோ அடித்துக்கொண்டே இருந்தார். பெயிண்ட் கடைக்கார அம்மாள் அவர் தலையைக் கண்டதும் கேட்காமலே அதே டப்பாவை எடுத்து வைத்தாள். வீட்டில் டோன்கா விளக்கம் கேட்க, அவர் புதுப்புது விளக்கம் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் மூச்சு விடுகிறது. பூனை வந்து உரசுகிறது. லிண்டன் பூவில் ஏதோ பிசின் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டோன்கா, அந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டி, "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக நம்புகிற மனைவியை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கே இரக்கமாக இருந்தது.

இரவில் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு பம்பர், நாளைக்கு யாரோ பெற்ற பிள்ளையாக இருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் அவர் ஒரு நல்ல மனுஷன் செய்வதைச் செய்தார். சாவியை எடுத்து அலமாரி இழுப்பறையில் போட்டார்.

"பேட்டரி சரியில்ல. கொஞ்ச நாள் வண்டி எடுக்க வேண்டாம். சந்தைக்கு நடந்தே போறேன்."

"உடம்புக்கும் நல்லதுங்க" என்றாள் டோன்கா.

பிற்பகலில் வழக்கம்போல ஓய்வூதியர் மன்றத்துக்குப் பகடை ஆடப் போனார். அங்கேயும் மனசு ஓடவில்லை. வழக்கமாக எதிரே உட்காரும் கான்ச்சோ சில வாரமாக வருவதில்லை. முழங்கால் வலியாம், டாக்டர் உட்கார்ந்தே இருக்கச் சொல்லிவிட்டாராம்.

இப்படி வண்டி அசையாமல் நின்ற ஒரு வாரத்தில், பின் பம்பரில் புதுக் கீறல் விழுந்தது.

ஜெலியாஸ்கோ அதைத் தடவிப் பார்த்தார். குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்கு வைத்துப் பார்த்தார். கீறல்தான். அன்று அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. நான் இல்லை! நான் ஓட்டவே இல்லை! அப்படியென்றால் முந்தினதும் நான் இல்லை! எவனோ ஒரு களவாணி வந்து வந்து இடித்துவிட்டுப் போகிறான். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் தன் மானம் மட்டுமல்ல, கண்ணும் திரும்பக் கிடைத்த மாதிரி.

மறுநாள் பிற்பகல் பகடைப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மன்றத்துக்குப் போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். மன்றத்துக்குப் போகவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்த லைலாக் புதருக்குப் பின்னால் குந்தினார். எறும்பு கடித்தது. பொறுத்துக்கொண்டார்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கட்டட வாசலிலிருந்து இரண்டு உருவங்கள் வந்தன. ஒன்று பெரிசு. இன்னொன்று சின்னது, தலையில் ஏதோ கட்டியிருந்தது. இரண்டும் நேராக அவர் வண்டியிடம் போயின. கதவு திறந்தது. என்ஜின் உறுமியது. வண்டி ஒரு தவளை மாதிரி எகிறியது, பிறகு உருண்டது.

"திருடன்! திருடன்!"

ஜெலியாஸ்கோ புதரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு புதரிலேயே தங்கிவிட்டது. கட்டடத்தில் ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது. பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. மூன்றாம் மாடியில் யாரோ சிரிப்பது கேட்டது. என்ன ஜனங்கள் இவர்கள்! பட்டப்பகலில் திருட்டு நடக்கிறது, பல்லைக் காட்டுகிறார்களே!

முற்ற வாசலை மறித்து, ஒரு கையை விரித்து, மறு கையில் பகடைப் பலகையைக் கேடயமாகப் பிடித்து நின்றார். வண்டி வந்தது. வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கிரீச்சென்று சத்தம். முழங்காலில் பம்பர் மெத்தென்று முட்டி நின்றது.

"இறங்குடா நாயே!"

சன்னல் கண்ணாடி இறங்கியது. தலைத்துணி கட்டிய திருடன் கழுத்தை வெளியே நீட்டினான்.

"ஏங்க, வண்டி முன்னாடி குதிக்கணும்னா முன்கூட்டியே சொல்ல மாட்டீங்களா? திடீர் பிரேக் பாடத்தை கான்ச்சோ அண்ணன் நாளைக்குத்தான் சொல்லித் தரேன்னார்!"

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். சூப்பில் உப்புப் போதுமா என்று தினமும் கேட்கும் குரல்.

"டோன்கா?"

"ஆமா, டோன்காதான். நாலடி தூரத்துல இருக்கேன். கட்டின பொண்டாட்டியை நாயேங்கறீங்க."

"நீயா? நீ எப்படி... உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"லைசென்ஸ் எங்கிட்டயும்தான் இருக்கு. நம்ம கல்யாணத்துக்கு முந்தியே வாங்கினது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோவை மட்டும் மாத்தி மாத்திப் புதுப்பிச்சுட்டு வரேன். ஸ்டியரிங்கைத்தான் நீங்க கொடுத்ததே இல்ல."

வலது பக்கத்திலிருந்து கான்ச்சோ மெல்ல இறங்கினார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. "டாக்டர் உட்காரச் சொன்னார்யா. எங்க உட்காரணும்னு சொல்லல" என்றார்.

ஜெலியாஸ்கோவுக்குக் கோபம் கொப்பளித்தது. "அப்போ பம்பரைக் கீறினது நீதானா! அந்த கான்கிரீட் பூந்தொட்டியில இடிச்சது நீதானா!"

"நான்தான். வளைச்சு நிறுத்தறதுதான் இன்னும் சரியா வரல."

"அடிப்பாவி! எத்தனை தடவை பூசினேன்! முதுகு ஒடிஞ்சு போச்சு! ராத்திரியில தூக்கம் இல்ல! நான்தான் கண்ணு தெரியாம இடிச்சுட்டேன்னு நினைச்சு..."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். வார்த்தை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

டோன்கா என்ஜினை அணைத்தாள். இறங்கி வந்தாள். குரல் தணிந்திருந்தது.

"ஏங்க, நீங்க இடிச்சதா ஏன் நினைச்சீங்க?"

அவர் பகடைப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இந்த பம்பர் என்ன நிறம்? சொல்லுங்க."

"கறுப்பு" என்றார், பிடிவாதமாக. பிறகு கொஞ்சம் சந்தேகமாக, "கறுப்புதானே?"

டோன்கா வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் மாடிச் சன்னல் சொன்னது: "கத்தரிக்காய்!" இரண்டாம் மாடி ஆமோதித்தது: "நல்லா பழுத்த கத்தரிக்காய்!" கான்ச்சோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நானும் ரெண்டு மாசமா சொல்லணும் சொல்லணும்னு... தங்கச்சி சொல்லக் கூடாதுன்னுடுச்சு."

ஊதா! தன் வண்டிக்குத் தானே ஊதா அடித்து, அதைக் கறுப்பு கறுப்பு என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறார், நூல் ஆலை ஜெலியாஸ்கோ. பம்பரின் சாயம் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. வெளுத்தது அவர் சாயம்தான். ஒற்றைச் செருப்போடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டோன்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சன்னல்கள் மரியாதையாக ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

"முதல் நாளே தெரிஞ்சுடுச்சா உனக்கு?"

"கறுப்புலயே பத்து தினுசு பிரிச்சுச் சொல்ற மனுஷன், ஊதாவைக் கறுப்புன்னா வேற என்ன அர்த்தம்? பர்காஸ் ஏன் போக மாட்டேங்கறீங்கன்னும் அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஜெலியாஸ்கோ நேர்மையாக யோசித்தார். "வெயில்ல அப்படித் தெரியுதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான். உங்களைக் கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறதைவிட நான் வண்டி ஓட்டக் கத்துக்கிறது சுலபம்னு தோணுச்சு. கத்துக்கிட்டேன்." அவர் பக்கம் திரும்பினாள். "பயமா இருந்துச்சாங்க, அந்த ரோட்டுல?"

"கோடு காணாமப் போச்சு டோன்கா" என்றார். "நீ தூங்கிட்டிருந்த. உன்னை எங்க கொண்டுபோய் மோதிடுவேனோன்னு..."

டோன்கா தலைத்துணியை அவிழ்த்து அவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதரில் தூசி என்றார். ஆமாங்க என்றாள்.

கண்ணில் புரை என்று உள்ளூர்க் கண் டாக்டர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் இருக்கிறது, வலது முதலில், இடது பிறகு, பயப்பட ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்குப் பர்காஸுக்கு டோன்காவே ஓட்டிக்கொண்டு போனாள். வழி நெடுக ஜெலியாஸ்கோ இல்லாத பிரேக்கை மிதித்தார். காலடி மிதியடி கிழிந்துவிடும் போலிருந்தது.

"மெதுவா! லாரி!"

"அது வைக்கோல் போருங்க. வயல்ல இருக்கு."

கொஞ்ச தூரம் போனதும் சன்னமாகக் கேட்டார். "வெள்ளைக் கோடு தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

ஜெலியாஸ்கோ சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கால் முதல் முறையாக ஓய்வெடுத்தது. பர்காஸ் வருவதற்குள் குறட்டை விட்டார்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை மகள் வீட்டு மாடிமுகப்பில் நின்று கடலைப் பார்த்தார். கடலுக்குள் இவ்வளவு நீலம் இருந்ததா? இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றில் புதுக் கடல், ஒன்றில் பழைய கஷாயம். பிறகு டோன்காவைப் பார்த்தார்.

"இந்தக் கவுன் பழுப்புன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்?"

"சிவப்பு. நீங்க வாங்கித் தந்ததுதான்."

"உன் முகத்துல..."

"யோசிச்சுப் பேசுங்க" என்றாள் டோன்கா.

"...மச்சம் ஒண்ணு இருக்கு. அதை மறந்தே போயிட்டேன்" என்றார் ஜெலியாஸ்கோ. தப்பித்தார்.

அப்புறம்தான் கீழே இறங்கிப் போனார். காலை வெயிலில் வண்டி நின்றது. பம்பர், பட்டை, வளைவு, அத்தனையும் ஊதா. சாதாரண ஊதா இல்லை, எண்ணெயில் வதக்கி எடுத்த கத்தரிக்காய்த் தோலின் ஊதா. சுற்றிச் சுற்றி வந்தார். கிரெமேனா மேலிருந்து, "எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"பூச்சு சீரா இருக்கு" என்றார் அவர், மிடுக்கை விடாமல். "ஒரு வழிசல் இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. நிறத்தை விட்டுடு. வேலையைப் பாரு."

யாம்பொல் திரும்பிச் சில வாரம் ஆனது. செப்டம்பர் வந்தது. முற்றமெல்லாம் குடைமிளகாய் சுடும் வாசனை. ஜெலியாஸ்கோவுக்கு மறுபடி ஒரு மகத்தான முடிவு பிறந்தது. ஊதாவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு, உண்மையான கறுப்பை அடிப்பது. டப்பாவைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தே வாங்கிவந்தார். கடைக்கார அம்மாளையும் பார்க்கச் சொன்னார். அடித்து முடித்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இதுதான் திட்டம்.

காலையில் டப்பாவோடு இறங்கிப் போனால், லிண்டன் மரத்தடியில் அவர் வண்டி இல்லை. வேறு வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சாம்பலாக வெளுத்திருந்தது. வரிசை முனையில் கான்ச்சோவின் பழைய வேன். அதில் சாய்ந்துகொண்டு கான்ச்சோவே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

முற்ற வாசலில் அவருடைய வண்டி என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் டோன்கா. பக்கத்து இருக்கையில் தொக்கு ஜாடிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன.

"என்ன இது?"

"அக்கம்பக்கத்துக்காரங்க வண்டிங்க. நம்ம வண்டியைப் பாத்துட்டு எல்லாருக்கும் அந்த நிறமே வேணுமாம். தூரத்துலயே பளிச்சுன்னு தெரியுதாம், எதிர்ல வர்றவன் ஒதுங்கிப் போறானாம். நீங்க அடிச்சுத் தருவீங்கன்னு சொல்லிட்டேன். டப்பாவெல்லாம் பெஞ்சு மேல இருக்கு."

"ஊதாவா! நானா? எனக்கு இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கே!"

"டாக்டரைக் கேட்டுட்டேன். ரெண்டாவது கண்ணு முடியற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதாம். பெயிண்ட் தாராளமா அடிக்கலாமாம், மூக்குல துணி, கண்ணுல கண்ணாடி மாட்டிக்கிட்டு. அதையும் வாங்கி சீட்டுக்குப் பின்னால வெச்சிருக்கேன்." கையை நீட்டிக் கொடுத்தாள். "சீஸ் வெச்சுச் சுட்ட பனித்சா அடுப்புல இருக்கு. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க."

ஜெலியாஸ்கோ கண்ணாடியை வாங்கிக்கொண்டார். வரிசையைப் பார்த்தார். வலது கண்ணுக்கு அது எவ்வளவு நீளம் என்று தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. கான்ச்சோ ஏற்கெனவே ராக்கியாப் புட்டியைத் திறந்து, முதலில் யாருடைய பிசுக்கை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பர்காஸுக்கா போற?"

"கிரெமேனாகிட்ட. கடல்ல கொஞ்சம் காலை நனைச்சுட்டு வரேன்."

"சாயங்காலம் வந்துடுவியா?"

டோன்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், கான்கிரீட் தொட்டியைச் சுற்றி ஒரு நூலளவுகூட உரசாமல் வண்டியை வளைத்தாள்.

"கடைசி வண்டி காய்ஞ்சதும் ஒரு போன் போடுங்க, வந்துடறேன்."